ரிவர்ஸக்கா முன்னால் போன நாள்

"பின்னோக்கி ஓட்டும் பயிற்சி அறவே இல்லாத பெண் ஓட்டுநர் ஒருவர் பாலத்தின் நடுவில் சிக்கிக்கொண்டதால், இரு திசைகளிலும் போக்குவரத்து முற்றிலும் ஸ்தம்பித்தது."

ஆற்றுப் பாலத்தைப் பற்றிய துறை அறிக்கையில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது. எழுதிய அதிகாரி பொய் சொல்கிறவர் இல்லை. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும்தான் எழுதினார். ஆனால் அந்தப் பெண் ஓட்டுநரை இரு கரையிலும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. சின்னக் குழந்தை முதல் பல் விழுந்தவர் வரை எல்லாருக்கும் அவர் ரிவர்ஸக்கா. அவர் வாழ்நாளில் ஒழுங்காக ஓட்டியது பின்னோக்கி மட்டும்தான்.

இது எப்படி என்று கேட்டால் பாலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மேட்டுக்கரையில் சந்தையும் பள்ளிக்கூடமும் பெரிய சாலையும் இருந்தன. பள்ளக்கரையில் நல்ல மண் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஆறு. பாலம் கட்ட வந்த பொறியாளர் இரண்டு வண்டிகள் தாராளமாகப் போகிற மாதிரி ஒரு பாலத்தைத்தான் வரைந்தார். பாலம் வந்து இறங்கும் இடத்தில் இரு கரைக்காரர்களும் ஆளுக்கொரு துண்டு நிலம் விட்டுக்கொடுக்க வேண்டும். "அவங்க முழுசாக் கொடுத்தா நாங்களும் கொடுக்கறோம்" என்று மேட்டுக்கரை சொன்னது. பள்ளக்கரையும் அதையே சொன்னது. இவ்வளவு ஒற்றுமை அவர்களுக்குள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கடைசியில் இரண்டு பக்கமும் பாதிப் பாதி கொடுத்தார்கள். பாதியும் பாதியும் சேர்ந்தால் முழுசு என்பது பள்ளிக்கூடக் கணக்கு. அகலக் கணக்கில் பாதியும் பாதியும் சேர்ந்தாலும் பாதிதான். ஒரு வண்டி மட்டும் போகிற பாலம் எழும்பியது.

வெள்ளத்துக்குப் பயந்து நடுப்பகுதியை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். அதனால் இந்த முனையில் நிற்கிறவனுக்கு அந்த முனை தெரியாது. இங்கிருந்து ஒரு டிராக்டர் ஏறும். அங்கிருந்தும் ஒன்று ஏறும். உச்சியில் இரண்டும் மூக்கோடு மூக்கு முட்டுகிற மாதிரி வந்து நிற்கும். அப்புறம் யார் பின்னால் போவது?

அதுதான் இரு கரைக்கும் உயிர்ப் பிரச்சினை. பாலத்தில் பின்வாங்கியவன் பேச்சு சந்தையில் எடுபடாது, வீட்டில் அதைவிட எடுபடாது என்று ஒரு நம்பிக்கை. எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் காலைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். எதிராளியும் பிரிப்பான். பின்னால் வரிசை நீளும்.

இதைத் தீர்க்கத் துறை ஒரு காவலரை நியமித்தது. ஆள் எப்படி இருக்க வேண்டும் என்று உத்தரவு தெளிவாகச் சொன்னது: திடகாத்திரமான ஆண், உரத்த குரல், நீச்சல் தெரிந்தவர், தினமும் முகச்சவரம் செய்தவர், எந்த வாகனத்தையும் தொடக் கூடாதவர். ஆறடி உயரத்தில் இடி முழக்கம் போன்ற குரலோடு ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் ரிவர்ஸக்காவின் கணவர். குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்றுதான். யார் எதைச் சொன்னாலும் அவருக்கு நியாயமாகவே படும்.

"நீங்களே சொல்லுங்கண்ணே, நான்தான முதல்ல ஏறினேன்?"

"ஆமா, நீதான்."

"அண்ணே, என் வண்டியில பால் கேன் இருக்கு. அவன்ல பின்னாடி போகணும்?"

"அதுவும் சரிதான்."

இரண்டு பேரையும் ஒப்புக்கொண்டு நடுவில் நின்றவர், ஒருநாள் இரண்டு டிராக்டர்களும் ஒரே சமயத்தில் கோபப்பட்டு அரையடி முன்னால் நகர்ந்ததில், கைப்பிடிச் சுவர்மேல் ஏறி ஆற்றில் குதித்தார். நீச்சல் தெரியும். ஆனால் அந்தப் பருவத்தில் ஆற்றில் தண்ணீர் முழங்காலளவுதான் இருந்தது. கால் எலும்பு ஒடிந்தது.

கட்டுப் பிரிக்கும்வரை போய் நிற்கிறேன் என்று மனைவி வந்து நின்றார். குள்ளம். குரல் பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். நீச்சல் தெரியாது. முகச்சவர நிபந்தனையை மட்டும் ஒரு நாளும் மீறியதில்லை.

வந்த சில நாட்களிலேயே மேட்டுக்கரையின் மீசைக்காரரும் பள்ளக்கரைக் கோஸ் வண்டி ஒன்றும் உச்சியில் முட்டிக்கொண்டு நின்றன. மீசைக்காரர் ஏற்றியிருந்தது வைக்கோல். அவருடைய மீசையைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவர் சொல்வதில் பாதி அதைப் பற்றியதாகவே இருக்கும்.

"இந்த மீசை பின்னாடி போகாது" என்றார்.

"மீசை போக வேண்டாம்ணே. அதை இறக்கி வச்சுக்கங்க. வண்டியை நான் எடுக்கறேன்" என்றார் அக்கா.

"நீயா? வண்டி ஓட்டத் தெரியுமா?"

"ஓட்டத் தெரியாது. பின்னாடி எடுக்கத் தெரியும்."

உண்மையைத்தான் சொன்னார். பிறந்த வீட்டில் டிராக்டரைச் சாலையில் ஓட்டுவது அண்ணன்மார் வேலை; பெண் பிள்ளை சாலையில் ஓட்டினால் நாலு பேர் பார்ப்பார்கள். திரும்பி வந்ததும் டிரெய்லரோடு கொட்டகைக்குள் பின்பக்கமாக ஏற்றி நிறுத்துவது மட்டும் இவருக்கு. அது வாசலுக்கு உள்ளே நடப்பது, ஆகவே வீட்டு வேலை. டிரெய்லர் இடது பக்கம் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்க வேண்டும், ஒடித்த சூட்டோடு திருப்பி அதன் பின்னாலேயே போக வேண்டும். கொஞ்சம் அசந்தால் இரண்டும் மடக்குக் கத்தி மாதிரி மடங்கிக்கொள்ளும். சுலபமான பாதியை அண்ணன்கள் ஊரறியச் செய்தார்கள். கஷ்டமான பாதியை இவர் கொல்லைப்புறத்தில் கற்றுக்கொண்டார்.

மீசைக்காரர் யோசித்தார். தான் பின்வாங்கினால் அவமானம். தான் கீழே இறங்கி நிற்கும்போது யாரோ வண்டியை எடுத்துக்கொண்டு போனால்? அதில் அவமானம் யாருக்கு? எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் தனக்கு இல்லை. இறங்கினார். கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி, பிறந்ததிலிருந்து பார்த்துவரும் ஆற்றை அப்போதுதான் பார்ப்பவர் மாதிரி பார்த்தார். அக்கா ஏறி, கழுத்தைத் திருப்பி, வைக்கோல் வண்டியை மேட்டுக்கரை முனைவரை நூல் பிடித்த மாதிரி கொண்டுபோய் விட்டார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. நடுவில் மாட்டிக்கொண்டால் யாரும் சண்டை போடுவதில்லை. "ஆத்தைப் பாக்க இறங்கறேன்" என்பார்கள். யார் இறங்குவது என்று அக்கா சொல்வார். சீக்கிரம் வாடுவது முதலில் போகும், வாடாதது பின்னால் போகும். கீரை, பால், தக்காளி, கோஸ், உருளைக்கிழங்கு, கடைசியில் வைக்கோல். இதற்காக வைக்கோல் போரின் உச்சியில் ஒரு கீரைக்கட்டைச் செருகிக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

"என்னண்ணே, வைக்கோல்ல கீரை முளைச்சிருக்கு?"

"அடடே, எனக்கே தெரியாது பாரு!"

"இறங்கி ஆத்தைப் பாருங்க. நல்லாத் தெரியும்."

கணவரின் கால் கட்டைப் பிரித்தார்கள். அக்கா பாலத்தை விட்டு இறங்கவில்லை. வேலை கணவர் பெயரில், சம்பளம் கணவர் பெயரில். அவர் வீட்டில் சமைத்து, துணி துவைத்து, குழந்தைகளின் சண்டையில் இரண்டு பக்கமும் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தார். சட்டப்படி அக்கா அந்த வேலையில் இருந்ததே இல்லை. வருடங்கள் ஓடின. எப்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் அவர் கழுத்து வலது பக்கம் லேசாகச் சாய்ந்தே நின்றது. அவரிடம் பேசுகிறவர்கள் தங்களைச் சந்தேகப்படுகிறாரோ என்று நினைத்துக் கூடுதலாக உண்மை பேசினார்கள்.

இதற்கிடையில் பள்ளக்கரை முழுக்கத் தக்காளிக்கு மாறியிருந்தது. வாங்க வரும் லாரிகளுக்கு இந்தப் பாலம் இடம் கொடுக்காது. ஆகவே தக்காளியை டிராக்டரில் ஏற்றி, பாலத்தில் காத்திருந்து, மேட்டுக்கரையில் இறக்கி, மறுபடி லாரியில் ஏற்றுவார்கள். தோட்டத்தில் பழமாக ஏறியது லாரியில் சட்னியாக ஏறும். அகலமான புதுப் பாலம் வேண்டும் என்று இரு கரையும் மனுப் போட்டன. இப்போது நிலம் முழுசாகக் கொடுக்கவும் தயார். துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்தார். சில வருடம் கழித்து வேறொருவர் வந்து பார்த்தார். இருவரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: நெரிசல் இல்லை, தகராறு இல்லை, வண்டிகள் ஒழுங்காகப் போய் வருகின்றன, புதுப் பாலம் தேவையில்லை.

அக்கா வேலையை அவ்வளவு நன்றாகச் செய்தார். அதுதான் கோளாறு.

மூன்றாவது அதிகாரி வரப்போகிறார் என்று தெரிந்தபோது, பள்ளக்கரையில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்காவின் தங்கை வந்தாள். தக்காளிக்காரி. வாசலிலேயே நின்று பேசினாள். உள்ளே வந்தால் உட்காரச் சொல்வார்கள், உட்கார்ந்தால் கோபம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

"இந்தத் தடவையும் பாலம் வரலேன்னா தோட்டத்தை வித்துட்டு நாங்க டவுனுக்குப் போறோம்க்கா. ஆள் பாத்தாச்சு. பேசி முடிச்சாச்சு."

"விக்கறதா? நீயே கிளறிப் போட்ட மண்ணு அது."

"மண்ணு நல்லாத்தான் இருக்கு. விளையறது சந்தை போய்ச் சேரணுமே! நீ பாட்டுக்கு எல்லாரையும் பின்னாடி பின்னாடி கொண்டு விட்டுட்டிருக்கே. ஊரே பின்னாடி போயிட்டிருக்கு, அது தெரியுதா உனக்கு?"

"நான் என்னடி பண்ணட்டும்?"

"அவர் வர்ற அன்னிக்கு லீவு போடு. ஒரே ஒரு நாள். நெரிசல்னா என்னன்னு அவர் பாக்கட்டும்."

"பாலம் வந்தா என் வேலை போயிடும்."

தங்கைக்கும் அது தெரியாமலில்லை. அக்கா கணவரைப் பார்த்தார்.

"அவ சொல்றதும் சரிதான்" என்றார் கணவர். "நீ சொல்றதும்..."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

தங்கையைப் பார்க்க அக்கா தினமும் பாலத்தைக் கடந்து போகிறவர் என்றெல்லாம் இல்லை. வாரம் ஒருமுறை பாலத்தின் உச்சியில் பார்ப்பார்; தங்கை டிராக்டரிலிருந்து ஒரு பழத்தைத் தூக்கிப் போடுவாள், இவர் பிடிப்பார், பெரும்பாலும் அது உடையும். அவ்வளவுதான் உறவு. ஆனால் அந்த இரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டவுனிலிருந்து யார் தக்காளி எறிவார்கள்?

அதிகாரி வருகிற அன்று காவலருக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் போயிற்று. துறைக்குத் தெரிந்த காவலர் ஆறடி ஆண். ஆகவே அவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தார். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

பாலத்தில் நடக்க வேண்டியதை விவசாயச் சங்கத் தலைவர் ரகசியமாக ஏற்பாடு செய்திருந்தார். ஆகவே அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மீசைக்காரர் வைக்கோலோடு இந்தப் பக்கமிருந்து, கோஸ்காரர் அந்தப் பக்கமிருந்து. உச்சியில் முட்டிக்கொள்ள வேண்டும். ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும். அதிகாரி குடை நிழலில் நாற்காலி போட்டு, கையில் எண்ணும் கருவியோடு தயாராக இருந்தார்.

முட்டிக்கொண்டார்கள். அதுவரை பிழையில்லை.

"யோவ், பின்னாடி போய்யா" என்று மீசைக்காரர் ஆரம்பித்தார்.

"நீங்க... நீ போய்யா" என்றார் கோஸ்காரர். பிறகு குரலைத் தாழ்த்தி, "தப்பா நினைச்சுக்காதீங்கண்ணே."

"சேச்சே, அதெல்லாம் இல்லப்பா. பொண்ணு எப்படி இருக்கா?"

"இப்பத்தான் கடுதாசி வந்துச்சு. சௌக்கியமாம்."

பேசிக்கொண்டே இருவரும், இத்தனை வருடப் பழக்கத்தில், இறங்கிப் போய்க் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி ஆற்றைப் பார்த்தார்கள். பின்னால் வந்தவர்களும் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து பார்த்தார்கள். சண்டை போடுவது எப்படி என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. சிறிது நேரத்தில் அதிகாரியே எழுந்து வந்து வரிசையில் சேர்ந்துகொண்டார்.

"அருமையான காத்து. இங்க யாருக்கும் அவசரமே இல்லை போலிருக்கே!" என்றார் தலைவரிடம்.

தலைவருக்கு வியர்த்தது.

தங்கை பாலத்திலிருந்து அக்கா வீட்டுக்கு ஓடி வந்தாள். தக்காளி ஏற்றிய அவளுடைய டிராக்டர் காலையிலேயே மேட்டுக்கரைக்கு வந்து, விலை படியாமல் அக்கா வீட்டு வாசலில் நின்றிருந்தது.

"சண்டையே வரலைக்கா! ஆத்தைப் பாக்கறானுங்க! அந்த ஆளும் சேர்ந்து பாக்கறார்!"

"திட்டக்கூடவா தெரியலே?"

"பொண்ணு சௌக்கியமான்னு கேக்கறானுங்க. மத்தியானம் கிளம்பிடுவாராம். சுற்றுலா இடமா அறிவிக்கலாம்னு எழுதப்போறாராம்." தங்கை படியில் உட்கார்ந்துவிட்டாள். "போதும்க்கா. நாளைக்கே பத்திரம் எழுதிக் கொடுத்துடறோம்."

தங்கை உட்கார்ந்ததை அக்கா பார்த்தார். கோபம் போய்விட்டது என்று அர்த்தம். அதைவிட இவள் நின்றபடியே சண்டை போட்டிருந்தால் தேவலை.

"வண்டிச் சாவியைக் கொடு."

"எதுக்கு? அவங்க வண்டியை ரிவர்ஸ் எடுக்கவா? அப்புறம் ஒண்ணுமே மிஞ்சாது!"

"உன் வண்டியை எடுக்கப் போறேன். முன்னாடி."

"முன்னாடி ஓட்ட உனக்கு வராதேக்கா!"

"பின்னாடி போறதைத் தலைகீழாப் பண்ணணும். அவ்வளவுதானே." போர்வைக்குள் பார்த்தார். "என்னங்க, போகட்டுமா, வேண்டாமா?"

"போனா..." என்று போர்வை ஆரம்பித்தது. இரண்டாவது பக்கம் வருவதற்குள் அக்கா டிராக்டரில் ஏறியிருந்தார்.

பின் கியர் இருக்குமிடம் அவருக்குக் கண்ணைக் கட்டினாலும் தெரியும். முன் கியர்கள் ஏகப்பட்டவை இருந்தன. முன்னால் போக எதற்கு இத்தனை என்று புரியவில்லை. ஒன்றைப் போட்டார். வண்டி குதித்தது. வலது பக்கம் போக நினைத்து இடது பக்கம் ஒடித்தார், பழக்க தோஷம். அண்டை வீட்டு வேலியில் பாதி கூடவே வந்தது. தெரு முழுக்கத் தக்காளி உருள, கழுத்தைப் பின்னால் திருப்பிக்கொண்டே முன்னால் போனார். நேரே பார்த்தால்தான் பயமாக இருந்தது. பாலத்தின் முனையில் இருந்த எல்லைக் கல் ஒன்றை உரசிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

இதற்குள் மீசைக்காரரும் கோஸ்காரரும் ஒரு தீர்வு கண்டிருந்தார்கள். எல்லாருமாகச் சேர்ந்து வைக்கோல் வண்டியை மேட்டுக்கரை முனைவரை பின்னால் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். கோஸ் வண்டி கடந்து போய்விட்டது. அதிகாரி ஜீப்பில் ஏறிவிட்டார். பள்ளக்கரையையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கிளம்புவதாக எண்ணம். முன்னால் வைக்கோல் வண்டி, பின்னால் ஜீப், அதன் பின்னால் பால் வண்டி என்று மறுபடி பாலத்தை நோக்கி நகர ஆரம்பித்தன. அவர்களுக்குப் பின்னால் அக்கா ஏறினால் பயனில்லை. எதிரே வர வேண்டும்.

ஆகவே வைக்கோல் வண்டி ஏறுவதற்கு முன்பே ஊடே புகுந்து, எல்லாருக்கும் முந்திப் பாலத்தைக் கடந்தார். பள்ளக்கரைத் திடலில் ஒரு பெரிய வட்டம் போட்டார். அந்த வட்டத்துக்குள் ஒரு வைக்கோல் போரும் இரண்டு கோழிக் கூண்டுகளும் அகப்பட்டன. திரும்பி வந்து ஏறினார். பின்னாலேயே பள்ளக்கரை வண்டிகள் வரிசையாக ஏறின. உச்சியில் மீசைக்காரரோடு மூக்கும் மூக்கும் முட்டின.

மீசைக்காரர் முகம் மலர்ந்தது. எஞ்சினை அணைத்து, இறங்கி, இருக்கையைத் துண்டால் தட்டிவிட்டார். "வாக்கா. நல்ல வேளை வந்தே. எடு."

அக்கா அசையவில்லை. "நான் எதுக்கு எடுக்கணும்? உங்க வண்டி, நீங்க எடுங்க."

"விளையாடாதேக்கா."

"தக்காளி போகணும். வைக்கோல் பின்னாடி போகட்டும். எடுங்கண்ணே."

மீசைக்காரர் கிட்டே வந்தார். மீசை முதல்முறையாகத் தொங்கியது. "எனக்கு ரிவர்ஸ் வராதுக்கா" என்று காதோடு சொன்னார். "மறந்து போச்சு."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பின்னால் இருந்த பால்காரருக்கும் வராது. அக்காவுக்குப் பின்னால் நின்ற உருளைக்கிழங்குக்காரருக்கும் வராது. இத்தனை வருடமாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்ததில் இரு கரையிலும் பின்னால் எடுக்கத் தெரிந்த ஓட்டுநர் ஒருவர்கூட மிச்சமில்லை. ஒருவர் முயன்றார், டிரெய்லர் குறுக்கே மடங்கிக்கொண்டது. வழி சுத்தமாக அடைபட்டது.

வெயில் ஏறியது. பால் கொதிக்கும் பதத்துக்கு வந்தது. கோழிகள் கத்தின. அதன் பிறகு வந்த சண்டைக்கு யாரும் ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

"இந்தம்மாவுக்குத் தங்கச்சி தக்காளின்னா மட்டும் கண்ணு தெரியும்!"

"ஏறினது தப்பு, இறங்கவும் மாட்டேங்குது! திமிரப் பாரு!"

"என் பால் திரிஞ்சா யாரு பதில் சொல்றது? உன் வீட்டுக்காரரா? அவர் ரெண்டு பேருக்கும் சரின்னுவார்!"

நேற்றுவரை இருக்கையைத் துடைத்துக் கொடுத்தவர்கள். அக்காவுக்குக் காது சிவந்தது. ஸ்டியரிங்கை விடவில்லை.

வைக்கோலுக்கும் பாலுக்கும் நடுவில் ஜீப் மாட்டிக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு அதிகாரி இறங்கி, வண்டிகளுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் நடந்து, சட்டையில் வைக்கோலும் தக்காளியுமாக வந்து சேர்ந்தார்.

"அம்மா, நீங்க கொஞ்சம் பின்னாடி எடுத்தா எல்லாருக்கும் வழி கிடைக்கும்."

கூச்சல் நின்றது. இரு கரையும் அக்காவின் முகத்தைப் பார்த்தது. பார்த்தவர்களுக்கு ஒவ்வொருவராக விஷயம் பிடிபட்டது.

அக்கா சாய்ந்த கழுத்தைச் சிரமப்பட்டு நிமிர்த்தி, அதிகாரியை நேராகப் பார்த்தார்.

"எனக்கு ரிவர்ஸ் வராதுங்க ஐயா."

மீசைக்காரருக்குத் திடீரென்று இருமல் வந்தது. "ரிவர்ஸ..." என்று ஏதோ சொல்ல வந்தவர், சட்டென்று திரும்பி ஆற்றைப் பார்த்தார். தோள்கள் குலுங்கின. பால்காரரும் பார்த்தார். எல்லாருக்கும் அவசரமாக ஆற்றைப் பார்க்க வேண்டியிருந்தது.

அதிகாரி ஜீப்புக்குத் திரும்பி நடந்தார். மாலையில் டிரெய்லர்களைக் கழற்றிக் கையால் தள்ளி வழி உண்டாக்கினார்கள். அதுவரை அவருக்கு எழுத நிறைய நேரம் இருந்தது.

புதுப் பாலம் வர வருடங்கள் ஆயின, வந்தது. இரண்டு லாரிகள் ஒன்றையொன்று பார்க்காமலே கடந்து போகும் அகலம். காவலர் பணியிடத்தைத் துறை நீக்கியது. உத்தரவு கணவர் பெயருக்கு வந்தது. அவர் படித்துவிட்டு, அதுவும் சரிதான் என்றார். அக்கா ஒரு வாரம் வழக்கம்போலப் பழைய பாலத்துக்கே போய் நின்றார். பிறகு தங்கையின் தோட்டத்துக்குத் தக்காளி தரம் பிரிக்கப் போக ஆரம்பித்தார், புதுப் பாலத்தில், நடந்து. தங்கை தோட்டத்தை விற்கவில்லை. பழைய பாலத்தில் இப்போது வைக்கோல் காய்கிறது. மாலையில் சிலர் அங்கே போய் ஆற்றைப் பார்க்கிறார்கள். அதிகாரி முதலில் எழுத நினைத்தது வீண்போகவில்லை.

புதுப் பாலத்தின் கல்வெட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ரிவர்ஸக்கா இல்லை. அவர் செய்தது இவ்வளவுதான்: ஒரு நாள் தங்கையின் டிராக்டரைப் பாலத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார், பின்னால் எடுக்கத் தெரிந்தும் எடுக்காமல், சாயங்காலம்வரை அதில் உட்கார்ந்திருந்தார்.